கூட இறங்குபவன்

தான் பிரேக் பழுது பார்த்த வண்டி எதையும் அவன் தனியே மலையிறங்க விட்டதில்லை. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழுது முடிந்ததும் தன் தகரக் கொட்டகையின் பின்புறம் சென்று கையைக் கழுவுவான். ஆணியில் மாட்டியிருக்கும் வெள்ளைச் சட்டையை எடுத்து அணிந்துகொள்வான். வந்து வண்டியின் முன்னிருக்கையில் அமர்வான். "போலாமுங்க" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அதன்பின் அடிவாரம் வரை வாய் திறக்கமாட்டான். அங்கே இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு, அடுத்த பேருந்தில் மேலேறி வருவான். இந்தப் பயணத்துக்குக் கூலி கேட்டதில்லை. கூட வரவேண்டாம் என்றவர்களின் வண்டியைத் தொட்டதும் இல்லை.

ஊர் இதைக் கேலியாக எடுத்துக்கொண்டது. "பிரேக்கு பாத்தா மெக்கானிக்கு இனாமுங்க" என்பார் கடைவீதி மளிகைக்காரர். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொள்ளப் போகிற பயணம் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் என்னிடமே சொன்னார். அவனோடு ஒரே வகுப்பில் படித்தவனாகிய நானும் அதை ஒருவகை வீம்பு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

ஏரியைத் தாண்டிக் கிளியூர் செல்லும் சாலையில் இருந்தது அந்தக் கொட்டகை. எந்நேரமும் அங்கே மூன்று வண்டிகளாவது பிரித்துப் போடப்பட்டிருக்கும். ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பவன், சாலையில் போகும் வேறொரு வண்டியின் ஒலி கேட்டு எழுந்து வெளியே போய் நிற்பான். எந்த எஞ்சின் ஒலியும் அவன் தலையைத் திருப்பாமல் அந்தச் சாலையைக் கடந்ததில்லை. திரும்பி வரும்போது தான் விட்டுச் சென்ற வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியின் கீழே படுத்துக்கொள்வான். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவான். பேசத் தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பான்; எதிரில் இருப்பவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்து, பிறகு தாமே முடித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் ஒரு வண்டி ஏரி வளைவில் திரும்பும்போதே அதன் நோய் இன்னதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதில் அவன் தவறி நான் கண்டதில்லை.

மாலையில் அவன் மனைவி வந்து கொட்டகையெங்கும் சிதறிக் கிடக்கும் கண்ணாடிக் குவளைகளைப் பொறுக்குவாள்.

"எண்ணிப் பாருங்க, சாருங்க. ஆறு டம்ளரு. ஆறுலயும் பாதி டீ. ஒரு மனுசன் ஒரு டீய முழுசாக் குடிக்க மாட்டானுங்களா?"

"ஆறிப்போச்சு புள்ள" என்பான் அவன், வண்டிக்கடியிலிருந்து.

"ஆறாம என்ன பண்ணும்? காலைல வெச்சது."

இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிக்காமல் அவள் சொன்னதும் ஒன்றுண்டு. மகளுக்கு ஆறு வயதானபோது, சேலத்தில் பாட்டி வீட்டிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளையை அழைத்துவர அவன் போனான். ஊர்ப் பேருந்து நிலையத்தில் வேறொரு பேருந்து கிளம்பாமல் நின்றிருந்தது. அதன் கீழே படுத்து, இரண்டு மணி நேரம் உழைத்துச் சரிசெய்துவிட்டு, ஓட்டுநர்களின் பாராட்டோடு வீடு திரும்பினான், தனியே. பிள்ளை பொழுது சாயும்வரை நடத்துநர் ஒருவரின் பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தது. "அப்பா கையெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. ஆனா என்னப் பாக்கல" என்று அது சொன்னதாம். அவன் மனைவி இதை என்னிடம் சொல்லும்போது அவன் அருகில்தான் நின்றிருந்தான்.

அந்தப் பிள்ளை பதினான்கு வயதில் என் வகுப்புக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் அவ்வூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியன். ஒன்பதாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று, முந்தைய பாடவேளையின் கேள்விக்கு விடை சொல்வாள். கணக்குப் பாட ஏட்டில் மூன்று வரி எழுதியிருப்பாள். நான்காம் வரியில் ஒரு கோடு தொடங்கி எங்கோ போயிருக்கும். மழைக்காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். 'மழை வருமுன் எங்கள் கொட்டகைத் தகரம் ஒரு முறை தானாக முனகும்' என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதி, தாளின் எஞ்சிய பகுதியை வெறுமையாக விட்டிருந்தாள். வகுப்பிலிருந்த நாற்பது பேரும் எழுதியவற்றுள் நேரில் அறிந்து எழுதப்பட்ட வாக்கியம் அது ஒன்றே. நான் சிவப்பு மையால் 'முடிக்கவில்லை' என்று எழுதி இரண்டு மதிப்பெண் இட்டேன்.

அந்நாளில் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு கழித்துவிடுவார்கள். வகுப்பாசிரியர் ஒரு தாளில் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். பெற்றோரை அழைத்து, 'வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிடுவார்கள். மலையில் இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வேறு பள்ளி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பையன்கள் லாரிக்குப் போனார்கள். பெண்கள் காப்பித் தோட்டத்துக்கோ கல்யாணத்துக்கோ போனார்கள்.

"ஐயா, அடுத்த வருசம் நூத்துக்கு நூறு காட்டோணும். ஓட்டப் பானைய இப்பவே எடுத்து வெச்சிருங்க" என்று தலைமையாசிரியர் தாளை என் மேசையில் வைத்தார். அவள் பெயரை நான்தான் எழுதினேன். கையெழுத்து மட்டும் பாக்கி. திங்கட்கிழமை தரவேண்டும்.

அந்தத் தாளை நான் முன்பே அறிவேன். எழுபதுகளின் தொடக்கத்தில், அவனும் நானும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்திருந்தபோது, அதே போன்ற தாள் ஒன்று அவனுக்காக எழுதப்பட்டது. நான் அவ்வகுப்பின் தலைவன். ஆசிரியர் வெளியே செல்லும்போது கவனியாதவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் கடமை. அவன் பெயரை நான் ஆசிரியர் படி தாண்டுமுன்பே எழுதிவிடுவேன். எப்படியும் எழுதப்போகும் பெயர்தானே என்று தோன்றும். அவன் அதற்காக என்மேல் ஒருநாளும் சினந்ததில்லை. "இன்னைக்கும் மொதல்ல நான்தானா?" என்று கேட்டுவிட்டு, பிரம்படிக்கு உள்ளங்கையை நீட்டுவான். நீட்டிய கையை மறந்து சன்னலைப் பார்ப்பான். அது ஆசிரியருக்கு மேலும் சினமூட்டும். இன்று இதற்கெல்லாம் மருத்துவத்தில் பெயர் இருக்கிறதாம்; ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்களாம். அன்று எங்களிடமிருந்த பெயர் திமிர் என்பது ஒன்றுதான். ஆண்டு முடிவில் என் கரும்பலகைக் கணக்கையும் சான்றாகக் காட்டி அவனை அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவ்வாண்டு ஒழுக்கப் பரிசு கிடைத்தது.

அதற்குப்பின் அவனுக்கு நேர்ந்ததை நான் அறிந்தது அடிவாரத்துத் தேநீர்க்கடை ஒன்றில். ஒருமுறை அவன் பிரேக் பார்த்த வண்டியில் நானும் சேலம் செல்ல நேர்ந்தது. அடிவாரத்தில் தேநீருக்காக நிறுத்தினோம். கடைக்காரர் வலக்காலை இழுத்து இழுத்து நடந்தார். பாதத்தின் முன்பாதி இல்லை.

"என்ன கண்ணு, இன்னைக்கு எத்தன நட்ட மறந்த?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்ணா."

"அப்ப டீயக் குடி. முழுசாக் குடிக்கோணும், ஆமா. இங்க பாதி வெச்சீன்னா இன்னொரு பாதத்தையும் குடுத்தர்றன், எடுத்துட்டுப் போ."

கடைக்காரர் சிரித்தார். அவன் குவளையை வாயிலிருந்து எடுக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தான். அவன் முழுதாகத் தேநீர் குடித்து நான் கண்டது அங்கேதான். அவன் சற்று அப்பால் சென்றதும் கடைக்காரரே எனக்குச் சொன்னார். பள்ளியிலிருந்து வந்த ஆண்டில் அவன் பாக்சைட் ஏற்றும் லாரியில் கிளீனராகச் சேர்ந்தான், இவர்தாம் ஓட்டுநர். மேட்டில் வண்டி நின்றால் கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடவேண்டும். அதுதான் அவனது முதன்மையான வேலை. ஒருநாள் எஞ்சின் கொதித்து நின்றது. அவன் கட்டையோடு குதித்தான். இவர் இறங்கி முன்பக்கம் வந்தார். லாரி பின்னோக்கி நகர்ந்து, முன்சக்கரம் திரும்பி, இவர் பாதத்தின்மேல் ஏறியது.

"கட்ட அவங் கையிலதானுங்க இருந்துச்சு. நான் கத்தறன், கட்டையக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்கறான். அப்பத்தான் தூங்கி எந்திரிச்சவனாட்டம். மொதலாளிகிட்ட கட்ட வழுக்கிருச்சுன்னு சொல்லிப்போட்டனுங்க. வயசு பதினஞ்சு. அவனப் புடிச்சு அடிச்சா என் காலு வருமா?"

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவன் மகள் பெயரை எழுதினேன். ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் அதை அவனிடம் சொல்லவும் துணிந்தேன்.

சேலத்தில் என் மைத்துனனின் திருமணம். எனக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு இருந்ததால், மனைவியையும் நான்கு வயது மகனையும் முன்னதாக அனுப்பிவைக்க ஓர் எஸ்டேட் ஜீப்பை வாடகைக்குப் பேசியிருந்தேன். காலையில் ஓட்டுநர் வந்து பிரேக் மிதி தரைவரை இறங்குகிறது என்றான். இருபத்திரண்டு வயது இளைஞன். வேகமாக ஓட்டுவதைத் திறமையென்று நம்புகிற பருவம். ஜீப்பை மெக்கானிக் கொட்டகையில் விடச் சொன்னேன். மூன்று மணிக்குப் போனபோது ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தான். என் மனைவியும் மகனும் பெட்டிகளோடு எதிர்க்கடை நிழலில் அமர்ந்திருந்தார்கள்.

"நல்ல நேரத்துக்கு வந்த. ஏறி ஒக்காரு. நாஞ் சொல்றப்ப மிதி" என்றான் அவன்.

பிரேக் எண்ணெய் செல்லும் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் மிதி நில்லாது. ஒருவர் மேலே அமர்ந்து மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தின் உட்புறத்தில் இருக்கும் சிறு நட்டைத் திறந்து காற்றை வெளியேற்றி, மீண்டும் ஸ்பேனரால் இறுக்கவேண்டும். இறுக்கியபின் அதன்மேல் ஒரு ரப்பர் தொப்பி. நான்கு சக்கரத்துக்கும் இதே முறை. மூன்று முடிந்தன. "மிதி... இன்னொருக்கா... புடி... விடு" என்ற அவன் குரல் மட்டும் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. முகம் தெரியாதபோது சொல்வது எளிது என்று எனக்குத் தோன்றியது.

"உம் பொண்ணு விசயமா ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு. மிதி."

"ஒம்பதாவதோட நிறுத்திக்கலாம்ன்னு பாக்கறாங்க."

"புடி."

பிடித்துக்கொண்டேன். "டி.சி. வாங்கிக்கோ. தையல் கத்துக்கட்டும். பத்தாவதுல பெயிலாகி நாலு பேரு முன்னால நிக்கறதுக்கு..."

கீழே ஒலி நின்றுவிட்டது. நான் மேலும் பேசினேன். அவளால் முடியாது என்பதை இயன்றவரை மென்மையான சொற்களில் அடுக்கினேன். அடுத்த சொல் எது என்பதிலேயே என் கருத்து முழுதும் இருந்தது. காலை மிதியின்மேல் எவ்வளவு நேரம் வைத்திருந்தேன், எப்போது எடுத்தேன் என்பது எனக்குத் தெரியாது.

அவன் வெளியே வந்தான். கன்னத்தில் எண்ணெய்க் கோடு. "கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல. திங்கக்கெழமதான்."

அவன் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். "கை கழுவீட்டு வர்றன்" என்று கொட்டகையின் பின்புறம் போனான்.

ஓட்டுநர் வந்துவிட்டான். மனைவியும் மகனும் ஏறிக்கொண்டார்கள். அப்போது நான் செய்ததை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அடிவாரம் வரை அவன் என் மனைவியோடு போகப்போகிறான். வழியில் வாய் திறக்காதவன்தான். ஆனால் அன்று திறப்பான் என்று அஞ்சினேன். மகளைப் பற்றிச் சொல்வான், என் மனைவி இளகிவிடுவாள், ஊர் திரும்பியதும் என்னை உட்காரவைத்துக் கேட்பாள். ஓட்டுநரிடம் "கெளம்பு" என்றேன்.

"அண்ணன் வரோணுமுங்களே, சாருங்க?"

"அவரு வரலயாம். நேரமாச்சு, போ."

"அதிசயமா இருக்குது" என்று சொல்லி ஓட்டுநர் வண்டியை எடுத்தான். என் மகன் கையசைத்தான்.

வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் வந்தான். ஜீப் நின்ற இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். இடப்புறப் பின்சக்கரம் நின்றிருந்த இடத்தில், எண்ணெய்க் கறைக்கு அருகில், சுண்டுவிரல் நுனியளவு கறுப்பாக ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்தான். ரப்பர் தொப்பி.

"கடைசிச் சக்கரம். நான் ஸ்பேனர் போட்டு இறுக்குனனா, கையால திருகுனதோட உட்டுட்டனா?" கேள்வி என்னை நோக்கியது. "டே, நீதான மேல ஒக்காந்திருந்த. 'விடு'ன்னு சொன்னனா? சொல்லுடா. நட்டு இறுகற சத்தம் கேட்டுச்சா?"

நான் நினைத்துப் பார்த்தேன். இரண்டடி உயரத்தில், வேறு வேலையில்லாமல் அமர்ந்திருந்தவன் நான். ஒன்றும் நினைவில்லை. வாழ்நாளெல்லாம் பிறரைக் கவனிக்கச் சொல்லியே பிழைத்த எனக்கு, என் கால் அந்த மிதியை விட்ட கணம் தெரியவில்லை.

"தெரியல" என்றேன்.

"கையால திருகுனது பத்து வளைவு தாங்கும். சூடேறி ஆட்டங் குடுத்துச்சுன்னா கழண்டுக்கும். மொத்த எண்ணெயும் போயிரும்." சொல்லிக்கொண்டே அவன் கொட்டகைக்குள் ஓடினான். பிரித்துக் கிடந்த மூன்று வண்டிகளுள் ஓடக்கூடியது ஒன்று, சைலன்சர் கழற்றப்பட்ட ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அது கிளம்பிய ஒலியில் எதிர்க்கடையின் தகரம் அதிர்ந்தது. பின்னால் ஏறிக்கொண்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏறாமல் நிற்கவும் தெரியவில்லை.

வளைவுகளுக்கு மேலிருந்து கீழாக இருபது, பத்தொன்பது என்று எண்ணிட்ட பலகைகள். அந்த எண்களையே நான் பார்த்துக்கொண்டு போனேன். பதினேழாம் வளைவில் சாலையில் ஈரமாக ஒரு கறை. எண்ணெயா, பாறையில் கசிந்த நீரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் அதைப் பார்த்தான், வேகத்தைக் குறைக்கவில்லை. பாடநூலின் ஒரு வரியில் தங்காத அந்தத் தலை, அந்தச் சாலையில் முழுவதுமாக இருந்தது. எதிரே எது வரும், எந்த இடத்தில் மணல் சிதறியிருக்கும், எந்தத் திருப்பத்தில் எவ்வளவு சாயவேண்டும் என்பதெல்லாம் அவன் முதுகின் அசைவிலேயே எனக்குத் தெரிந்தது. அவன் தோளை இறுகப் பற்றிக்கொண்டேன்.

பதினான்காம் வளைவுக்குக் கீழே ஜீப் தெரிந்தது. பின்பக்கத் திரை வழியாக என் மகனின் சிவப்புச் சட்டையும் தெரிந்தது. ஒலியெழுப்பினோம். ஓட்டுநர் எவனோ போட்டிக்கு வருகிறான் என்று எண்ணியிருக்க வேண்டும்; இன்னும் விரைந்தான். பதின்மூன்றாம் வளைவு. பன்னிரண்டு. வழிவிடவில்லை. நான் கத்தினேன், சைலன்சர் இல்லாத எஞ்சினின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதினொன்றாம் வளைவில் கீழிருந்து ஒரு பேருந்து ஏறி வந்தது. ஜீப் ஓரம் ஒதுங்கியது. பேருந்துக்கும் ஜீப்புக்கும் இடையே இருந்த இடைவெளியில் அவன் வண்டியை நுழைத்தான். என் முழங்காலைப் பேருந்தின் தகடு உரசியது. நூறடி முன்னால் போய் மோட்டார் சைக்கிளைச் சாலையின் குறுக்கே நிறுத்தி, இறங்கி, இரு கைகளையும் விரித்து நின்றான்.

ஜீப் வந்தது. நின்றது.

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு இடப்புறப் பின்சக்கரத்தின் கீழே படுத்தான். என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னாச்சுங்ணா?" என்றாள். ஓட்டுநர் இறங்கி என் முகத்தைப் பார்த்தான். கீழே உலோகம் உலோகத்தில் படும் ஒலி ஒருமுறை கேட்டது.

அவன் எழுந்து வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "இறுக்கமாத்தான் இருக்குது" என்று என் காதில் மட்டும் சொன்னான். என் மனைவியிடம், "ஒண்ணுமில்லீங்கம்மா, ஒரு ரப்பரு மாட்ட மறந்துட்டன்" என்றான். பிறகு சாலையோரம் சென்று வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தான்.

"வண்டியத் தள்ளிக்கிட்டு மேல போ" என்றான் என்னிடம். "போலாமுங்க" என்றான் ஓட்டுநரிடம்.

நான் அந்த மோட்டார் சைக்கிளை மலைமேல் தள்ளத் தொடங்கினேன். மூன்று வளைவுகள் ஏறுவதற்குள் சட்டை நனைந்து உடம்பில் ஒட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்து, மேலேறி வந்த பேருந்து என்னைக் கண்டு நின்றது. அவன் இறங்கினான்.

"எறங்கிட்டாங்க. சேலம் போயிருப்பாங்க" என்றான். நாங்கள் சாலையோரக் கட்டைச் சுவரில் அமர்ந்தோம். அவனே பேசத் தொடங்கினான். இம்முறை வாக்கியங்கள் பாதியில் நிற்கவில்லை.

"இத்தன வருசமா இறங்கறன். ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு, தளந்திருந்ததில்ல."

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தரமும்?"

"எனக்குத் தெரியாதுல்ல? செஞ்ச கை என்னோடதுதான். செஞ்சதப் பாத்த ஆளு அங்க இல்ல. கட்டையக் கையில வெச்சுக்கிட்டு நின்னனே, அன்னைலேருந்து அப்புடித்தான். அடிவாரத்துல எறங்கி நின்னாத்தான் அன்னைக்கு நான் செஞ்ச வேல செரின்னு எனக்குத் தெரியும். மத்தவங்க எல்லாம் வேல முடிஞ்சா ஊட்டுக்குப் போறாங்க. நான் மல எறங்கறன்."

ஒரு லாரி ஏறி வந்தது. அது மறையும்வரை பார்த்துவிட்டு மீண்டும் தொடர்ந்தான்.

"எம் புள்ளையும் அப்புடியேதான். அவ கையி செய்யும். செஞ்சது அவளுக்கே தெரியாது. நீங்க எல்லாருமாச் சேந்து, உனக்கு முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா அதத்தான் நம்புவா. நான் நம்புனன்ல. பெயிலானா ஆகட்டும். திருப்பி எழுதட்டும். அதுக்கு அவளுக்கு ஒரு எடம் இருக்கோணும்ல?"

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"இப்பப் பயத்துல சொல்ற. திங்கக்கெழம சொல்லு." எழுந்து வண்டியை உதைத்தான்.

மறுநாள் ஞாயிறன்று திருமணத்தில் மனைவியைச் சந்தித்தபோது முதலில் கேட்டது, வழியில் அவன் என்ன பேசினான் என்பதைத்தான்.

"அந்த அண்ணனா? வாயவே தொறக்கலீங்க. பையன் அவரு மடியில படுத்துத் தூங்கிட்டான், முதுகத் தட்டிக்கிட்டே வந்தாரு" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பள்ளிக்குப் போனபோது அவன் வாயிலருகே நின்றிருந்தான். எந்த இடத்துக்கும் உரிய நேரத்தில் வந்தறியாதவன், எனக்கு முன்னால் வந்திருந்தான். சட்டை வெளுத்திருந்தது, முதுகில் மட்டும் சாலையின் கறை மங்கலாகத் தெரிந்தது. நான் உள்ளே போனேன்.

தலைமையாசிரியர் கையெழுத்தில்லாத தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மலைல எத்தனை பேரு ஒம்பதாவதோட நின்னிருக்காங்க. யாரு செத்துட்டாங்க, ஐயா?" என்றார்.

"யாரும் சாகலீங்க" என்றேன்.

"அந்தப் புள்ள பெயிலானா?"

"என் பொறுப்பு."

"வாயால சொன்னாப் பத்தாது. எழுதிக் குடுங்க. அடுத்த வருசம் உங்களுக்குத் தர்றதா இருந்த பத்தாவது இனி இல்ல, அதையும் யோசிச்சுக்கோங்க."

பத்தாம் வகுப்புத் தமிழ் என் பத்தாண்டுக் கனவு. எழுதிக் கொடுத்தேன். அவள் பெயரை அடித்தேன். நான் எழுதிய பெயரை என் கையாலேயே அடித்தேன்.

வாயிலுக்குத் திரும்பினேன். அவன் அதே இடத்தில் நின்றிருந்தான். அடித்ததைச் சொன்னேன், எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நன்றி சொல்லிவிடுவானோ என்ற அச்சத்தில், சனிக்கிழமை நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். நீ வரவில்லையென்று ஓட்டுநரிடம் சொன்னது நான். நீ என் மனைவியிடம் பேசிவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். அந்த வண்டியில் என் பிள்ளை இருந்தான் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. அதற்கு முன்னால், வகுப்புத் தலைவனாக இருந்தபோது, நீ எதுவும் செய்யுமுன்பே உன் பெயரை எழுதியிருக்கிறேன். இதெல்லாம் ஒழுங்கின்றி, முன்பின்னாக வந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு குலைந்த வாக்கியங்களைப் பேசியதில்லை.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கண்களை என் முகத்திலிருந்து எடுக்காமல் கேட்டான். அவன் பின்னால், பள்ளி மேட்டில், ஒரு பேருந்து கியர் விழாமல் திணறி, நின்று, பின்னுக்கு ஓரடி நகர்ந்து, பெருங்குரலெடுத்து மறுபடி ஏறிப் போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.